‘தேர்தல்’ என்று தேடினால் ‘தோ்தல்’ வராது

தேர்தல், தோ்தல். இந்த இரண்டையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பல எழுத்துருக்களில் வித்தியாசம் தெரிவதே கஷ்டம். தெரிந்தாலும் பழகிய கண் அதைத் தாண்டிப் போய்விடும். கணினிக்கோ இவை இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சொற்கள். முதல் சொல்லில் த, இரட்டைக்கொம்பு, ர, புள்ளி, த, ல, புள்ளி என ஏழு குறியெண்கள் (ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கணினியில் கொடுத்திருக்கும் எண்கள்) இருக்கின்றன. இரண்டாவதில் ஆறுதான். அதில் ரகரமே கிடையாது. த-வுக்குப் பின்னால் ஓகாரக் குறி, அதன் தலையில் ஒரு புள்ளி. ‘தோ’வுக்குப் புள்ளி வைக்க எந்தத் தமிழ் இலக்கணத்திலும் இடமில்லை. அந்த எண்களை வகுக்கும் உலகப் பொதுத் தரமான யூனிகோடு அதைத் தடுப்பதும் இல்லை.

செய்தித் தளங்கள், அரசுச் சுற்றறிக்கைகள், மின்னூல்கள் என எங்கே போனாலும் இந்தப் பிழை இறைந்து கிடக்கிறது. அவா், பொிய, தொியும், சோ்ந்த, அாிசி எல்லாம் இதே வகை. படிக்கிறவருக்கு இதனால் தொந்தரவு இல்லை. தேடுகிறவர், வாசித்துக் காட்டும் செயலியை நம்பியிருக்கும் பார்வையற்றவர், சொற்களை எண்ணி அகராதி தயாரிக்கிறவர், எழுத்துப் பிழைதிருத்திச் செயலி எழுதுகிறவர் ஆகியோருக்குத்தான் நஷ்டம். ஒரு தளத்தின் தேடுபெட்டியில் ‘தேர்தல்’ என்று அடித்தால், அந்தத் தளத்திலேயே இருக்கும் நூற்றுக்கணக்கான செய்திகள் வராமல் போகலாம்.

இதன் வேர் தட்டச்சுப் பொறியில் இருக்கிறது. பழைய அச்சு வழக்கில் ர், ரி, ரீ மூன்றையும் ரகரத்தின் சாய்ந்த கால் இல்லாமல் எழுதுவார்கள். அந்த வடிவம் அச்சு அசலாகத் துணைக்காலைப் போலவே இருக்கும். அதனால் துணைக்காலை அடித்து அதன்மேல் புள்ளி வைத்தால் ‘ர்’ ஆகிவிடும். தாளில் அது சரியான தமிழ்தான். பிறகு அதே விசைப் பழக்கம் கணினியின் பழைய எழுத்துருக்களுக்கு வந்தது. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் வந்தபோது, கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை அப்படியே ஒவ்வொன்றாக மாற்றின. துணைக்கால் துணைக்காலாகவே போய் உட்கார்ந்துகொண்டது. ‘தேர்’ என்பதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. இரட்டைக்கொம்பும் துணைக்காலும் அடுத்தடுத்து வந்தால் யூனிகோடு விதிப்படி அவை ஒரே ஓகாரக் குறியாகச் சேர்ந்துவிடும். ‘பெரிய’ என்பது ‘பொிய’ ஆனதும் இப்படித்தான். அங்கே ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒகரக் குறி ஆகிவிட்டது.

நல்ல வேளையாக, இதை இயந்திரத்தைக் கொண்டே கிட்டத்தட்ட முழுதாகச் சரிசெய்துவிடலாம். சரியான தமிழில் ஒரு உயிர்க்குறியை அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. அப்படி வந்தால் அது பிழை, ஐயமே வேண்டாம். திருத்தும் முறை இது. முதலில் உரையை என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்). பிறகு மூன்றே மூன்று மாற்றங்கள். துணைக்காலுக்கு (குறியெண் 3006) அடுத்து இகரக் குறியோ (3007), ஈகாரக் குறியோ (3008), புள்ளியோ (3021) நின்றால், துணைக்காலை எடுத்துவிட்டு ரகரம் (2992) வையுங்கள். அதே மூன்றில் ஒன்று ஒகரக் குறிக்கு (3018) அடுத்து நின்றால், ஒகரக் குறி இருந்த இடத்தில் ஒற்றைக்கொம்பும் (3014) ரகரமும். ஓகாரக் குறிக்கு (3019) அடுத்து நின்றால், இரட்டைக்கொம்பும் (3015) ரகரமும். அடுத்து நிற்கும் குறியைத் தொடக் கூடாது. தேட வேண்டிய வடிவத்தைச் சுருக்கமாக எழுதும் முறையான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் ‘முன்னோக்கிப் பார்’ என்னும் வசதி இதற்குத்தான் இருக்கிறது. மொத்த நிரலும் ஐந்து வரியைத் தாண்டாது.

மிச்சம் இருப்பது, பின்னால் எந்தக் குறியும் இல்லாத வெறும் ‘ர’வுக்குப் பதிலாகத் துணைக்கால் வந்துவிட்ட இடங்கள். ‘கரம்’ என்பது ‘காம்’ என்று ஆகியிருந்தால் அதை விதியால் பிடிக்க முடியாது. அகராதியை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்தக் குடும்பத்தில் இன்னொரு பிழை ஔகாரத்தில் வருகிறது. ‘மௌனம்’ என்பதை ஒற்றைக்கொம்பு, ம, பிறகு முழு ளகரம் என்று அடித்து ‘மெளனம்’ ஆக்கிவிடுகிறார்கள். ‘ஔவை’ ‘ஒளவை’ ஆகிறது. இதை என்எஃப்சி திருத்தாது, ஏனென்றால் யூனிகோடு பார்வையில் அங்கே இருப்பது உண்மையான ளகரம். கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் கூடாது. கெளுத்தி, தெளிவு, ஒளி எல்லாம் சரியான சொற்கள். ளகரத்துக்குப் பின்னால் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மட்டும் சந்தேகப் பட்டியலில் சேர்த்து, மாற்றும் முன் ஒருவரைக் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ரீ-க்கும் இதே கதைதான். ஸ-வில் தொடங்குவது ஒன்று, 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவில் காட்டும். ஊர்ப் பெயர்ப் பட்டியலில் ஸ்ரீரங்கம் இரண்டு தடவை வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

என்எஃப்சி விஷயத்துக்கு வருகிறேன். ‘கொ’ என்பதை க, ஒகரக் குறி என இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். க, ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்றாகவும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றே, யூனிகோடு விதிப்படியும் சமமானவையே. ஆனால் நிரல்மொழியில் இரண்டு சம அடையாளம் போட்டு ஒப்பிட்டால் ‘வேறு’ என்றுதான் விடை வரும். என்எஃப்சி என்பது இவற்றைச் சேர்ந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் விதி. பைத்தான் நிரல்மொழியில் யூனிகோடுடேட்டா தொகுதியிலும், ஜாவாஸ்கிரிப்டில் எந்தச் சரத்தோடும் (உரைத் துண்டோடும்), ஜாவாவில் நார்மலைசர் வகுப்பிலும் இது தயாராக இருக்கிறது. பயனர் தட்டிய உரை, கோப்பிலிருந்து வந்த உரை, இன்னொரு சேவை அனுப்பிய உரை என எதுவானாலும் தரவுத்தளத்துக்குள் நுழையும் முன் ஒருமுறை இதைச் செய்துவிட வேண்டும். தேடும்போது செய்துகொள்ளலாம் என்று விட்டால் ஒவ்வொரு வினவலிலும் அந்தச் சுமையைத் தூக்க வேண்டியிருக்கும். எங்காவது ஒரு இடத்தில் கட்டாயம் மறந்தும் போகும்.

என்எஃப்கேசி என்று ஒரு பெரியண்ணன் இருக்கிறது. தமிழுக்கு அது வேண்டாம். வடமொழிச் சுலோகங்களைத் தமிழில் அச்சிடும்போது க, ச, ட, த, ப எழுத்துகளின் மேல் சின்னதாக 2, 3, 4 போடுவார்கள். என்எஃப்கேசி அந்த மேலெழுத்து எண்களைச் சாதாரண எண்களாக்கிவிடும். அதன்பின் உச்சரிப்புக் குறிப்பு எது, பாடல் எண் எது என்று பிரிக்க முடியாது.

அதே வாசலில் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளையும் கவனியுங்கள். 8203, 8204, 8205, 65279 என்ற குறியெண்கள் இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த உரையோடு ஒட்டிக்கொண்டு வரும். 8204-க்கு மட்டும் தமிழில் ஒரு நியாயமான வேலை உண்டு. க்-உம் ஷ-வும் ஒட்டிக்கொள்ளாமல் தனித்தனியே நிற்க வேண்டிய இடத்தில் அதைப் போடுவார்கள். அங்கே விட்டுவைத்து மற்ற இடங்களில் நீக்கலாம்.

அடுத்து நீளம். ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை மூன்று என்று சொல்லும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் 5 என்கின்றன. கோ மொழியின் லென் 15 என்கிறது. ஸ்விஃப்ட் மட்டும் குழந்தையோடு சேர்ந்து 3 என்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. பைத்தான் குறியெண்களை எண்ணுகிறது, கோ மொழி பைட்டுகளை எண்ணுகிறது, ஸ்விஃப்ட் கிராஃபீம் எனப்படும் எழுத்துக் கொத்துகளை எண்ணுகிறது. தமிழ்க் குறியெண்கள் 2944 முதல் 3071 வரையிலான பகுதியில் இருப்பதால், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட்.

எழுத்தை எண்ண வேண்டிய இடத்தில் குறியெண்ணை எண்ணுவதுதான் பெரும்பாலான தமிழ்ச் செயலிகளின் முதல் தவறு. ‘மீதி இத்தனை எழுத்து’ என்று காட்டும் பெட்டியில், ஒரு புள்ளி வைத்ததற்கு ஒரு எழுத்தைக் கழித்துக்கொள்வது தமிழில் எழுதுகிறவருக்குச் செய்யும் அநியாயம். எக்ஸ் தளத்தின் 280 என்ற வரம்பு தமிழில் குறியெண்களைத்தான் கணக்கிடுகிறது. ப்ளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தின் 300 கிராஃபீம்களைக் கணக்கிடுகிறது. எண்கள் அருகருகே இருந்தாலும் இரண்டாவதில் தமிழில் வெகு தாராளமாக எழுதலாம். இந்த ஒரு விஷயத்தில் ப்ளூஸ்கை செய்ததுதான் சரி. மற்றவர்களும் பின்பற்ற வேண்டும்.

செய்வது கடினமே இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸ் 125-உம் அதைச் சேர்த்துக்கொண்டதால் இனி எல்லா முக்கிய உலாவிகளிலும் அதை நம்பிப் பயன்படுத்தலாம். பைத்தானில் உள்ளமைந்த ஆர்இ தொகுதியில் இந்த வசதி இல்லை. தனியாக நிறுவும் ரெஜெக்ஸ் தொகுதியில் பேக்ஸ்லாஷும் பெரிய எக்ஸும் போட்டால் ஒவ்வொரு கொத்தாகக் கொடுக்கும். ஓப்பன்-தமிழ் நூலகத்தில் தமிழுக்கென்றே எழுத்துப் பிரிக்கும் செயல்கூறு உண்டு. வெண்பா நிரல், குறுக்கெழுத்து, சொல் விளையாட்டு எழுதுகிறவர்களுக்கு அதுதான் வசதி. கொத்து முறையில் க்ஷ இரண்டாக எண்ணப்படும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உரையை வெட்டும்போது இந்தத் தவறு வெறும் கணக்கோடு நிற்பதில்லை. ‘பால்’ என்பதை மூன்று குறியெண்ணோடு வெட்டினால் ‘பால’ ஆகும். ‘கண்’ என்பதை இரண்டோடு வெட்டினால் ‘கண’ ஆகும். செய்தித் தலைப்பை அறிவிப்புப் பட்டையில் சுருக்கிக் காட்டும்போது கடைசிப் புள்ளி காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். பைட் எண்ணிக்கையில் வெட்டினால் கடைசியில் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி வந்து நிற்கும்.

தரவுத்தள நெடுவரிசைக்கும் இந்தக் கணக்கு வேண்டும். பாலசுப்பிரமணியன் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்து 10, குறியெண் 16, பைட் 48. ஆரக்கிள் தரவுத்தளத்தில் தனியாகச் சொல்லாவிட்டால் வார்கேர்2 என்ற உரை வகையின் அளவு பைட்டில்தான். 50 என்று கொடுத்திருந்தால் இந்தப் பெயர் தப்பித்துவிடும். முன்னால் ‘கி. ’ என்று இனிஷியல் சேர்த்தால் 56 பைட், பிழைச்செய்தி வரும். ஆங்கிலப் பெயர்களை மட்டும் வைத்துச் சோதித்த விண்ணப்பப் படிவம் இங்கேதான் விழும். அளவை ‘கேர்’ என்று குறிப்பிட்டு அறிவித்தால் குறியெண்ணில் எண்ணும். மைஎஸ்க்யூஎல்லில் அளவு குறியெண்ணில்தான், எனவே இந்த வம்பு இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாக மாறுகிறதா? நெடுவரிசை என்வார்கேர் வகையில் இருக்க வேண்டும், வினவலில் நேரடியாக எழுதும் சரத்தின் மேற்கோள் குறிக்கு முன்னால் பெரிய ‘என்’ எழுத்தும் போட வேண்டும். பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். கேள்விக்குறியாகச் சேமித்ததை மீட்கவே முடியாது. மூல உரை அங்கேயே அழிந்துவிட்டது.

எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்கள் காசு கொடுத்து இதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு செய்திக்கு 140 பைட். ஆங்கிலம் 7 பிட்டில் போவதால் 160 எழுத்து அடங்கும். தமிழ் ஒரு குறியெண்ணுக்கு 16 பிட் என்று போவதால் 70 குறியெண். ‘உங்கள் மின்கட்டணம் ரூ. 640. கடைசி நாள் 15.’ என்ற சின்ன வாக்கியமே 42-ஐத் தின்றுவிடும். 71 ஆனால் இரண்டு செய்தி. அப்போது ஒவ்வொன்றிலும் இணைப்புத் தகவலுக்கு இடம் போய் 67 மட்டுமே மிஞ்சும். 150 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ, புதிய ரூபாய்க் குறியோ, வளைந்த மேற்கோள் குறியோ நுழைந்தாலும் மொத்தமும் 16 பிட்டுக்கு மாறி மூன்று செய்தி ஆகிவிடும். ரூபாய்க் குறிக்குப் பதில் ‘ரூ.’ என்று தமிழ்ச் செய்தியில் போடுவதால் மிச்சம் எதுவும் இல்லை. மூன்று குறியெண் போகும், குறி போட்டால் ஒன்றுதான்.

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்பதைச் சொல்லுக்கான குறி என்று நம்பி எழுதுகிறவர்கள் ஏராளம். பைத்தானின் ஆர்இ தொகுதியில் அதைத் ‘தமிழ்’ மேல் ஓட்டினால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு வரும். இகரக் குறியும் புள்ளியும் எழுத்து வகையைச் சேர்ந்தவை அல்ல, குறி வகையைச் சேர்ந்தவை. ஜாவாஸ்கிரிப்டில் அது தமிழையே கண்டுகொள்ளாது. பெயர்ப் பெட்டியில் ‘எழுத்துகள் மட்டும்’ என்று சோதிப்பதும், கட்டுரைத் தலைப்பிலிருந்து முகவரி உருவாக்குவதும் இதனால்தான் கெடுகின்றன. எழுத்து வகையையும் குறி வகையையும் சேர்த்து அனுமதிப்பதே மருந்து. தமிழ் மட்டும் போதுமென்றால் 2944 முதல் 3071 வரை என்ற வீச்சைக் கொடுத்துவிடலாம். ஆனால் அந்த வீச்சுக்குள் தமிழ் எண்களும் இருக்கின்றன. ௧ என்பது க அல்ல, ௭ என்பது எ அல்ல, ௮ என்பது அ அல்ல. ஸ்கேன் செய்து எழுத்துணர்ந்த உரையில் இவை கலந்து வருவது சகஜம்.

வரிசைப்படுத்தல்தான் பார்க்கிறவர் முகம் சுளிக்கும் இடம். பயிர், பவளம், பழம், பளிங்கு, பறவை, பனை. இது அகராதி வரிசை. குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் வருவது: பனை, பயிர், பறவை, பளிங்கு, பழம், பவளம். காரணம், யூனிகோடின் தமிழ்ப் பகுதி இந்திய மொழிகளுக்குப் பொதுவான இஸ்கி அட்டவணையின் அடுக்கைப் பின்பற்றியது. ந-வுக்குப் பக்கத்தில் ன, ர-வுக்குப் பக்கத்தில் ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன் பிறகு வ. போதாததற்குப் புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பெரியது. ஆகவே ‘க்’ என்பது ‘கௌ’வுக்கும் பின்னால் போய்விடும்.

யூனிகோடு வேலைகளுக்கான ஐசியூ நூலகத்தில் தமிழுக்கான வரிசை விதி இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் கொலேட்டர் (Intl.Collator), போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் 10-ஆம் பதிப்பு முதல் வந்த ஐசியூ கொலேஷன் (வரிசை விதி) இரண்டிலும் மொழியைத் தமிழ் என்று சொன்னால் போதும். அது கிடைக்காத இடத்தில் சொந்தமாக வரிசைத் திறவுகோல் (சொல்லை வரிசைப்படுத்த உதவும் எண் சரம்) கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு எழுத்துக்கும் நான்கு இலக்கம். முதல் இரண்டு இலக்கம், உயிருக்கு 01 முதல் 12, ஆய்தத்துக்கு 13, க் முதல் ன் வரை 14 முதல் 31, கிரந்தம் அதற்குப் பின். அடுத்த இரண்டு இலக்கம், புள்ளிக்கு 00, அகரத்துக்கு 01, ஔகாரத்துக்கு 12. தனி உயிருக்கும் ஆய்தத்துக்கும் இந்த இடத்தில் 00. ‘பழம்’ 220128012300 ஆகும். ‘பனை’ 22013109 ஆகும். இதைத் தனி நெடுவரிசையில் எழுதி வைத்துக்கொண்டால் எந்தத் தரவுத்தளமும் சாதாரணச் சர ஒப்பீட்டிலேயே சரியாக வரிசைப்படுத்தும்.

இதற்கெல்லாம் சேர்த்து ‘யூனிகோடே தமிழுக்கு ஆகாது’ என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியாக்கத்தையும் தரமாக ஏற்றது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண். எண்ணுவதும் வரிசைப்படுத்துவதும் அதில் சுலபம் என்பது உண்மை. ஆனால் அது இருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது அவரவர் விருப்பப்படி பொருள் கொடுத்துக்கொள்ளும் எண்களில். கைப்பேசிக்கும் உலாவிக்கும் தேடுபொறிக்கும் அது தமிழ் என்றே தெரியாது. அச்சுக்கூடத்துக்குள் பயன்படுத்தலாம், வெளியே அனுப்பும் உரைக்கு அது சரிவராது. மெய்யோடு அகரத்தைச் சேர்த்து அடிப்படையாக வைத்து, மெய்யைக் காட்டப் புள்ளி வைத்துக் கழிக்கும் யூனிகோடு முறை நம் இலக்கணப் பார்வைக்கு நேர்மாறானதுதான். வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அதைச் சமாளிக்க ஒரு முப்பது வரி நிரல் போதும், உலகம் முழுக்க ஓடும் கருவிகளை இழக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் பிடிஎஃப். நிரல் வழியே உருவாக்கிய ரசீதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், அந்த நூலகம் எழுத்துருவிலிருந்து வடிவங்களை வரிசையாக எடுத்து வைக்கிறது, தமிழுக்கு வேண்டிய இடமாற்றத்தைச் செய்யவில்லை என்று பொருள். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. ஹார்ஃபஸ் போன்ற வடிவமைப்பு இயந்திரம் வேண்டும். பைத்தானின் எஃப்பிடிஎஃப்2-வில் உரை வடிவமைப்பை இயக்கும் விருப்பம் இருக்கிறது, யூஹார்ஃபஸ் தொகுதியை நிறுவிக்கொண்டு அதை இயக்க வேண்டும். படத்தின் மேல் எழுத்து எழுதும் பில்லோவுக்கு ராக்ம் நூலகம் தேவை. எதுவும் சரிவராவிட்டால் எச்டிஎம்எல்லாக எழுதி, குரோமைத் திரையில்லாமல் ஓட்டிப் பிடிஎஃப்பாக அச்சிடுங்கள். சோதிக்க ‘கொடுக்கிறோம்’ என்ற ஒரு சொல் போதும். இடம் மாறும் கொம்பு, வடிவம் மாறும் ‘டு’, மேல்விலங்கு, ஓகாரம், புள்ளி எல்லாம் அதில் இருக்கின்றன.

பிடிஎஃப்பிலிருந்து உரையை எடுப்பது இதைவிடத் தொல்லை. திரையில் சரியாகத் தெரியும் கோப்பும் நகலெடுத்தால் கொம்புகள் இடம் மாறி வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது வடிவங்களின் வரிசை. பழைய எழுத்துருவில் செய்த கோப்பென்றால் ஆங்கில எழுத்துகளாகக் கொட்டும். எந்த எழுத்துரு என்பதைக் கோப்பின் பண்புகளில் பார்த்து, அதற்குரிய மாற்றியைப் பயன்படுத்துங்கள். அதுவும் முடியாவிட்டால் பக்கங்களை 300 டிபிஐ படமாக்கி டெசராக்ட் என்ற எழுத்துணரியைத் தமிழ்த் தரவோடு ஓட்டுங்கள். இந்த மூன்று வழிகளில் எதில் வந்த உரையானாலும் ‘அவா்’, ‘தொியும்’ அதில் இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்து, மேலே சொன்ன மூன்று மாற்றங்களையும் ஓட்டிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும்.